நீலக் குடுவையின் இருண்ட படங்கள்

மாலை ஐந்து மணி.

பெட்டியைத் திறந்தால் உள்ளே வெல்வெட் துணி மட்டும் இருந்தது. கடிகாரத்தைக் காணோம்.

காப்பாளர் பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். இரண்டாம் தடவையும் வெல்வெட்தான். தங்க மூடியும் எனாமல் பூவேலையும் கொண்ட அந்தச் சட்டைப்பைக் கடிகாரம்தான் அடுத்த வாரம் நடக்கவிருந்த ஏலத்தின் முதல் பொருள். கேட்லாக்கின் அட்டைப்படமும் அதுவே. ஏலக் கூடத்தின் மாடியில் தினமும் மாலையில் பொருள்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது வழக்கம். கூடவே நின்று சரிபார்த்துக்கொண்டிருந்த முதலாளி போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

அரைமணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள், பேச்சில் சிக்கனம், நடையில் அவசரமில்லை. பின்னாலேயே கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஏட்டு வந்தார். மாடிப் படியின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து நின்று, கேட்காமலேயே வாக்குமூலம் கொடுத்தான்.

“சாப்பாட்டுக்கு அப்புறம் முதலாளி ஒரு கஸ்டமரைக் கூட்டிட்டுப் போய் இறங்கினாரு மேடம். அதுக்கப்புறம் மாடியில இருந்தது ரெண்டே பேரு. இந்தம்மாவும் போட்டோக்காரரும். முதலாளி கடைசியா சரிபார்க்கப் போனாரு. வேற ஒரு ஈ காக்கா ஏறல.”

“நீ தூங்கலையே?”

“நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது மேடம். இதுல தூங்கினா விழுந்துடுவேன்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை ஆட்டிப் பார்த்தாள். உண்மைதான்.

மாடியில் ஒரு நடை, அதன் ஒரு பக்கம் இரண்டே அறைகள். முதலாவது பெட்டக அறை, அடுத்தது படம் எடுக்கும் அறை. இரண்டுக்கும் எதிரே, நடையின் மறுபக்கச் சுவரில், ஆளுயரத்துக்கு மேற்கு பார்த்த ஜன்னல்கள். இறங்கும் வெயில் நடை முழுக்கப் பரவிக் கிடந்தது. பெட்டக அறைப் பூட்டில் நெம்பிய கீறல் எதுவும் இல்லை. சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டே பூட்டியிருக்கிறார்கள். சாவி இரண்டு. ஒன்று வங்கியில், மற்றொன்று காப்பாளரிடம்.

கீழே முதலாளியின் அறையில் விசாரணை தொடங்கியது. வெற்றிலைப்பெட்டி அளவு மேசை, அதன் மேல் மூன்று தொலைபேசி. கோபத்தில் முதலாளிக்குக் காது மடல்கள் சிவந்திருந்தன.

“சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கஸ்டமருக்கு அந்தக் கடிகாரத்தைக் காட்டினேன். திருப்பி நானே பெட்டியில வெச்சேன், என் கண் முன்னாடியே அவ பூட்டினா. அதுக்கப்புறம் சாவி அவகிட்ட. இதுல என்ன துப்பறிய வேண்டிக் கிடக்கு?”

“அப்புறம் அவங்க அறையை விட்டு வெளியே வந்தாங்களா?”

“ஒரே தடவை. மூணு மணி வாக்குல ஒரு வெளியூர் ஆளு போன் பண்ணி, அந்த நீலக் குடுவையைப் பத்தி குடைஞ்சு எடுத்தான். இவளைக் கீழே கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். கால் மணி நேரம் பேசினா. அந்த ஆளு இவகிட்டப் பேசறதுக்கு நான் பக்கத்துல நின்னு போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என் பொழைப்பு அப்படி.”

“வரும்போது பதற்றமா இருந்தாங்களா?”

“பதற்றமாவது! பூனை மாதிரி வந்து நிக்கிறா. நிமிர்ந்து பார்த்தா எதிர்ல இருக்கா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மத்த நாள்ல படி இறங்கும்போதே சலங்கை கட்டின மாதிரி சத்தம் கேட்கும். இன்னிக்குன்னு பார்த்து... நடுங்கிக்கிட்டுத்தான் வந்திருப்பா, இப்ப தோணுது.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினாள்.

அடுத்து காப்பாளர். முப்பது வயதிருக்கும். அழுதிருக்கிறாள், ஆனால் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்புக் கொக்கியில் சாவிக்கொத்து தொங்கியது. ஒவ்வொரு அலமாரிக்கும் ஒன்றாக, கையில் தூக்கினால் கனக்கிற கொத்து.

“கீழே போன நேரம் சாவி எங்க இருந்துச்சு?”

“என்கிட்டதான்.”

“இடுப்புலயா?”

“ஆமா. இடுப்பை விட்டு இறங்கவே இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாவி உங்ககிட்டயே இருந்துச்சுன்னா, அறையைத் திறந்தது நீங்கன்னு ஆகும்.”

அவள் விரல்கள் மடியில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. “தெரியும் மேடம். ஆனா நான் எடுக்கல.”

“மாடியில இருந்த இன்னொருத்தர்?”

“அத்தானா?” அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “எங்க அக்கா வீட்டுக்காரர் மேடம். அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க. நான்தான் முதலாளிகிட்ட சொல்லி அவரை இங்க கொண்டு வந்தேன். அவரு வேலை பார்த்துட்டு இருந்தாரு, படமெல்லாம் இருக்கு. அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

திருட்டுப் பழி தலைக்கு மேல் நிற்கும்போது இன்னொருவருக்காகப் பரிந்து பேசுகிறவர்களை இன்ஸ்பெக்டர் அதிகம் பார்த்ததில்லை. அதை மனதின் ஒரு மூலையில் போட்டு வைத்துவிட்டு மாடி ஏறினாள்.

படம் எடுக்கும் அறையில் அத்தான் காத்திருந்தான். ஊரில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; லென்ஸ் என்றால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமரா வகுப்பும் நடத்துகிறான். கதவுக்கு முதுகைக் காட்டியபடி நின்றது மூன்றுகால் ஸ்டாண்டு. அதன் நடுக்கம்பியில் ஒரு தடித்த பை தொங்கியது. மேலே கறுப்பாகப் பெரிய கேமரா. அதற்கு முன்னால், சுவரிலிருந்து சுவர் வரை, தரையிலிருந்து கூரை வரை ஒரு கறுப்புத் தடுப்பு. கேமராவின் மூக்கு மட்டும் நுழைகிற அளவுக்கு அதில் ஒரு ஓட்டை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நீலக் கண்ணாடிக் குடுவை. இன்ஸ்பெக்டர் ஸ்டாண்டைச் சுற்றி நடந்தபோது செருப்புக்கடியில் நறநறவென்றது. குனிந்து பார்த்தாள். கொஞ்சம் மணல்.

“எங்க இருந்தீங்க?”

“இங்கதான். கேமராவுக்குப் பின்னாடி.”

“யார் பார்த்தா?”

“கேமரா பார்த்துச்சு மேடம்.” அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். “குடுவைக்குள்ள வெளிச்சம் நகர நகர, அரை நிமிஷத்துக்கு ஒண்ணா எடுத்தேன். அவ கீழே போன நேரம் முழுக்க இதுல இருக்கு. ஒரு நம்பர்கூட விடுபடல, எண்ணிப் பார்த்துக்கோங்க.”

எண்ணிப் பார்த்தாள். விடுபடவில்லை. நாற்பது சொச்சம் படங்கள், எல்லாம் அதே குடுவை. நடுவில் வரிசையாக ஆறு படங்கள் மட்டும் இருண்டிருந்தன.

“இது என்ன?”

“மேகம்.”

“எதுக்கு இந்தத் தடுப்பு?”

“கண்ணாடியாச்சே. கேமரா, நான், கதவு, எல்லாமே அதுல தெரியும். தடுப்பு போட்டுட்டா இந்தப் பக்கம் கல்யாணமே நடந்தாலும் குடுவைக்குத் தெரியாது.”

“கதவு?”

“உள்பக்கம் தாழ் போட்டிருந்தேன். அவ திரும்பி வந்து தட்டினப்பதான் திறந்தேன்.”

விசாரணை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இன்ஸ்பெக்டருக்குச் சொந்தமாக ஒரு குறை இருந்தது. போன மாதம் சேமிப்பைக் கரைத்து, தொழில்முறை ஆட்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு கேமரா வாங்கியிருந்தாள். படங்கள் எல்லாம் கைபேசிப் படங்களைவிட மட்டம். இந்த விலைக்கு ஓர் ஓவியரையே வீட்டில் சோறு போட்டு வைத்திருக்கலாம் என்று வீட்டுக்காரர் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டினார்.

“ஒண்ணு கேட்கலாமா? இது கேஸ் இல்ல,” என்றாள். “என்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. படம் உருப்படியா வரமாட்டேங்குது.”

லென்ஸின் முகம் மலர்ந்தது. ஆசிரியர் புத்தி, கேள்வி கேட்டால் போதும், போலீஸ் என்பதே மறந்துவிட்டது.

“எல்லாரும் கேமராவைக் குறை சொல்வாங்க மேடம். முதல்ல அது ஆடக்கூடாது. ஸ்டாண்டு போடுங்க, நடுவுல கனமா ஏதாவது தொங்கவிடுங்க. ஸ்டாண்டுல இருக்கும்போது அதிர்வைத் தடுக்கிற பட்டனை அணைச்சிருங்க, இல்லன்னா அதுவே ஆட்டிவிடும். எங்க ஃபோகஸ் பண்ணணும்னு அதை முடிவு பண்ண விடாதீங்க, நீங்க ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்க. முக்கியமா, ஆட்டோவை நம்பாதீங்க. எத்தனை வெளிச்சம் வேணும்னு நீங்கதான் சொல்லணும், மேனுவல்ல. என் வகுப்புல ஆட்டோவைத் தொட்டா அபராதம்.”

“டைமர் வெச்சு வீட்டுல எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கிட்டா மட்டும் இருட்டா வருது. நானே பார்த்து எடுத்தா சரியா இருக்கு.”

“அது நீங்க ஆட்டோல வெச்சிருக்கறதாலதான். மேனுவலுக்கு மாத்துங்க, சரியாயிடும். எனக்கெல்லாம் டைமரே பழக்கமில்ல மேடம். கண்ணு வியூஃபைண்டர்ல, விரல் பட்டன்ல. இன்னிக்கும் அப்படித்தான், முதல் படத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கண்ணை எடுக்கல. கழுத்து பிடிச்சுக்கிச்சு.”

அவன் கழுத்தைத் தேய்த்துக் காட்டினான். நன்றி சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் படங்களை ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். ஏட்டு எல்லார் பையையும் சட்டையையும் சோதித்தார், இழுப்பறைகளைக் கவிழ்த்தார். கடிகாரம் கிடைக்கவில்லை. மாடியைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஏறும்போது மேலதிகாரியின் அழைப்பு வந்தது.

“ஒரே சாவி, ஒரே ஆளு. இன்னும் என்னம்மா யோசனை? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொண்ணை உள்ள வை. முதலாளி எனக்கு நாலு தடவை போன் பண்ணிட்டார்.”

“சரிங்க சார்,” என்றாள். சரி என்று மனது சொல்லவில்லை.

வண்டியில் ஏட்டிடம் கேட்டாள். “அந்தச் சாவிக்கொத்தை மாட்டிக்கிட்டு ஒருத்தர் சத்தமில்லாம மாடிப்படி இறங்க முடியுமா?”

“கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா முடியும் மேடம்.”

“எதுக்குப் பிடிக்கணும்? முதலாளி கூப்பிட்டார், இவ போறா. ஒளிஞ்சு போகலையே.”

ஏட்டு யோசித்தார். யோசனை கொட்டாவியில் முடிந்தது.

மறுநாள் காலை எட்டு மணி.

இன்ஸ்பெக்டரின் மாமியார் அன்று தன் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறார். கிளம்புவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். கேமராவை பால்கனிக் கதவோரம் ஸ்டாண்டில் நிறுத்தி, கூடத்துச் சோபாவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள் இன்ஸ்பெக்டர். கேமராவின் முதுகிலிருந்த வியூஃபைண்டர் துளையில் கண்ணை வைத்து, மாமியாரையும் வீட்டுக்காரரையும் மட்டும் ஒரு படம் எடுத்தாள். பளிச்சென்று வந்தது. டைமரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நடுவில் உட்கார்ந்தாள். இருட்டு.

“உனக்கு நிலாவுல எடுத்தாதான் பிடிக்கும் போல,” என்றார் வீட்டுக்காரர்.

மறுபடி டைமர். மறுபடி இருட்டு. நேற்று வாங்கிய அறிவுரைப்படி மேனுவலுக்கு மாற்றலாம் என்றால் எந்த எண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமியார் பொறுமை இழந்தார்.

“ஏம்மா, அத்தனை காசு போட்டு வாங்கின சாமான். பின்னாடி வெயில் சுள்ளுனு அடிக்குது பாரு, கருகிடப் போகுது!”

“அதெல்லாம் கருகாது அத்தை.”

சொல்லிக் கேட்கிறவரா? எழுந்து போய் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவின் முதுகில் போர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். டைமர் முடிந்து கேமரா சொடுக்கியது. இன்ஸ்பெக்டர் சலிப்போடு எழுந்து போய்ப் பார்த்தாள்.

படம் பளிச்சென்று இருந்தது. மூன்று பேரின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. மாமியார் மட்டும் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டை எடுத்துவிட்டு ஒரு படம். இருட்டு. துண்டைப் போட்டு ஒரு படம். வெளிச்சம். துண்டை எடுத்துவிட்டு, வியூஃபைண்டர் துளையைக் கட்டைவிரலால் மட்டும் மூடி ஒரு படம். வெளிச்சம்.

“போதும்மா, பஸ் போயிடும்,” என்றார் மாமியார்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் நேற்று கொண்டுவந்த படங்களைத் திறந்துவிட்டிருந்தாள். ஒவ்வொரு படத்தோடும் அதன் விவரமும் பதிவாகியிருக்கிறது: எந்த முறையில் எடுத்தது, கேமரா எவ்வளவு நேரம் கண் திறந்திருந்தது. முதல் விவரத்தைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாமியாரைத் தானே பஸ் ஏற்றிவிட்டு, நேராக ஸ்டேஷனுக்குப் போனாள்.

பிற்பகல் மூன்று மணி.

படம் எடுக்கும் அறையில் எல்லாரும் இருந்தார்கள். முதலாளி நாற்காலியில். காப்பாளர் சுவரோரமாக நின்றாள். கையில் ஒரு சிறிய துணிப்பை. உள்ளே தள்ளிவிட்டால் மாற்றுத்துணி வேண்டுமே என்று வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். லென்ஸ் அவளுக்குப் பக்கத்தில் நின்று, “பயப்படாத, அத்தான் இருக்கேன்ல,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“நேத்து நின்ன மாதிரியே நில்லுங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர் அவனிடம். “அதே குடுவை, அதே செட்டிங். ஒரு படம் எடுங்க.”

எடுத்தான். குடுவை நீலமாக ஒளிர்ந்தது.

“ஏட்டு, கதவைத் திறங்க.”

நடை ஜன்னலின் வெயில் உள்ளே பாய்ந்து, ஸ்டாண்டையும் அவன் முதுகையும் நனைத்தது. “இன்னொண்ணு.” எடுத்தான். மாற்றமில்லை. “இப்ப தள்ளி நில்லுங்க. நான் தூரத்துலேர்ந்து பட்டனை அழுத்தறேன்.”

கேமரா சொடுக்கியது. திரையில் குடுவை இருண்டு கிடந்தது.

அறையில் அதன் அர்த்தம் புரிந்தவன் ஒருவன்தான். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன ஆச்சு? மேகமா?” என்றார் முதலாளி, ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தபடி.

“மேகம் இல்ல சார். ஆட்டோல இருக்கிற கேமரா, உள்ள வர்ற வெளிச்சத்தை அளந்துதான் படம் எடுக்கும். மேகம் வந்து வெளிச்சம் குறைஞ்சா, கூடுதல் நேரம் கண்ணைத் திறந்து வெச்சு ஈடுகட்டும். படம் இருட்டாகாது. நேத்து இருட்டா வந்த ஆறு படத்துல கேமரா என்ன பண்ணியிருக்கு தெரியுமா? வழக்கத்தைவிடச் சீக்கிரமா கண்ணை மூடியிருக்கு. அதுக்கு வெளிச்சம் குறையல, கூடியிருக்கு. ஆனா குடுவை மேல கூடல, அதோட நிழல் ஆறு படத்துலயும் அப்படியே அழுத்தமா விழுந்திருக்கு. தடுப்பைத் தாண்டி குடுவைக்கு எதுவும் போகாதுன்னு இவரே சொன்னார். அப்ப கூடுதல் வெளிச்சம் எந்த வழியா வந்துச்சு?”

அவள் கேமராவின் முதுகில் இருந்த துளையைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்த வழியா. பின்னாடியிருந்து வெயில் அடிச்சு, இங்க கண்ணு இல்லாதப்ப மட்டும் அது உள்ள போகும். கண்ணு இருந்தா கண்ணே அடைச்சுக்கும். நேத்து மூணு நிமிஷம் இந்தக் கதவு திறந்து கிடந்துச்சு. அந்த மூணு நிமிஷமும் இந்தக் கேமராவுக்குப் பின்னாடி யாரும் இல்ல. கேமராவை அரை நிமிஷத்துக்கு ஒண்ணு தானா எடுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.”

“மேடம்,” என்றான் லென்ஸ். குரல் நிதானமாகத்தான் இருந்தது. “நான் இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்...”

“அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க. உங்களுக்கு எப்பவும் மேனுவல்தான். மேனுவல்ல இந்தத் துளை வழியா வெயில் வந்தாலும் படம் மாறாது, அதனால இப்படி ஒண்ணு நடக்கும்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு அவசியமே வரல. நான் டைமர் படத்தைப் பத்திக் கேட்டப்பகூட உங்களுக்கு உறைக்கல. வகுப்புல ஆட்டோவைத் தொட்டா அபராதம் போடற ஆளு, நேத்து ஒரு நாள் மட்டும் நாற்பது படத்தையும் ஆட்டோல எடுத்திருக்கீங்க. ஏன்? வெயில் இறங்கிட்டே இருக்கு. மேனுவல்ல வெச்சுட்டுப் போனா, படம் கொஞ்சம் கொஞ்சமா மங்கிட்டே வரும். பக்கத்துல நின்னு திருத்த ஆள் இல்லன்னு தெரிஞ்சு போகும். திரும்பி வந்ததும் அந்த ஆறையும் பார்த்திருப்பீங்க. அழிச்சா வரிசை நம்பர் இடிக்கும். மேகம்னு சொல்லிக்கலாம்னு விட்டுட்டீங்க.”

லென்ஸ் நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தான். பிறகு தோளைக் குலுக்கினான்.

“சரி. புழுக்கமா இருந்துச்சு, கதவைத் திறந்து நடையில நின்னேன். அதைச் சொல்லல, தப்புதான். அதுக்காகத் திருடன்னு ஆயிடுமா? பெட்டக அறையை நான் எதால திறப்பேன்? சாவி அவகிட்டதானே இருந்துச்சு.” அவன் மச்சினியைப் பார்க்காமல் சொன்னான். “இடுப்பை விட்டு இறங்கவே இல்லன்னு அவளே உங்ககிட்ட சொல்லியிருக்கா.”

இன்ஸ்பெக்டர் காப்பாளரின் பக்கம் திரும்பினாள்.

“நேத்து நீங்க படி இறங்கினப்ப முதலாளிக்குச் சாவிச் சத்தம் கேட்கல. சாவியை எங்கேயோ வெச்சுட்டுப் போயிருக்கீங்க. அதைச் சொல்லியிருந்தா உங்க மேல பழி பாதி குறைஞ்சிருக்கும். திருடினவங்களா இருந்தா முதல்ல அதைத்தான் சொல்லியிருப்பாங்க. நீங்க சொல்லல. யாரைக் காப்பாத்தறதுக்கு?”

காப்பாளர் அத்தானைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் துணிப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“இந்த மேசையிலதான் வெச்சுட்டுப் போனேன்,” என்றாள். “குடுவையைக் கொண்டு வந்து வெச்சேன், அதுக்குள்ள முதலாளி கூப்பிட்டாரு. சாவி கனம், உடனே வந்துடுவோம்னு இங்கயே வெச்சேன். ‘நான் பார்த்துக்கறேன், நீ போ’ன்னாரு. வெளியே சொன்னா அவரை விசாரிப்பாங்க, வேலை போயிடும், அக்கா தாங்க மாட்டான்னு...” அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியும்தானே அத்தான், நான் உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்னு? தெரிஞ்சே சொல்றீங்களே.”

லென்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பொருள் எங்க?” என்றார் முதலாளி. மனிதருக்கு அதுதான் கவலை.

“மாடியை விட்டுப் போகல சார். எல்லாரையும் சோதிச்சுத்தான் அனுப்பினோம். நேத்து ஸ்டாண்டுக்குக் கீழே மணல் சிந்திக் கிடந்துச்சு. இங்க மணல் இருக்கிற இடம் ஒண்ணுதான். ஆடாம இருக்கறதுக்குத் தொங்கவிட்ட பை. அதை எதுக்குத் திறக்கணும்?”

ஏட்டு ஒரு செய்தித்தாளை விரித்துப் பையைக் கவிழ்த்தார். மணலோடு, கேமராக் கண்ணாடியைத் துடைக்கிற மென்துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் விழுந்தது. பிரித்தார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கீறல் விழுந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கேட்லாக் படத்தைப் பார்த்துட்டு ஒருத்தர் கேட்டார்,” என்றான் லென்ஸ், யாரிடமோ சொல்வதுபோல. “ஏலத்துக்கு வராமலே வேணும்னார். கொஞ்ச நாள்ல அடங்கிடும்னு நினைச்சேன். அவளை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நல்ல பேர் இருக்குன்னு நினைச்சேன்.”

“மாற்றுத்துணி எடுத்துட்டு வந்திருக்காங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு அவனை அழைத்துக்கொண்டு படி இறங்கினார். முதலாளி கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து, காப்பாளரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, வார்த்தை கிடைக்காமல் இரண்டு தடவை செருமிவிட்டுக் கீழே போனார். அறையில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

காப்பாளரின் கைபேசி ஒலித்தது. திரையைப் பார்த்தவள் எடுக்காமல் வைத்திருந்தாள்.

“அக்காவா?” என்றாள் இன்ஸ்பெக்டர். “வேணும்னா நான் பேசறேன்.”

“வேணாம் மேடம்.” அவள் எடுத்துக் காதில் வைத்தாள். அமைதியான அறை, அந்தப் பக்கக் குரல் நன்றாகவே கேட்டது.

“என்னடி ஆச்சு? உன்னை விட்டுட்டாங்களா?”

“விட்டுட்டாங்க அக்கா.”

“அப்பாடா! காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி இறங்கல எனக்கு. அவரு பக்கத்துல இருக்காருன்னுதான் கொஞ்சம் தைரியமா இருந்தேன். நீ அவரு கூடவே வந்துடு, தனியா வராத. போனை அவர்கிட்ட குடு.”

காப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அக்கா,” என்றாள். “நீ வீட்டுலயே இரு. எங்கேயும் போகாத. நான் மட்டும் வர்றேன்.”